ஊசிக்குச் சொன்ன திசை

பழவேற்காடு தபால் ஆபீசில் வெளியூருக்கு ட்ரங்க் கால் பேசுகிறவர்களுக்கு டெலிபோனே தேவையில்லை. அவர்கள் போடுகிற சத்தம் எப்படியும் பொன்னேரி வரை போய்விடும்.

அன்று காலை அபூபக்கர் போட்ட சத்தத்தில் ஏரியில் மேய்ந்துகொண்டிருந்த பூநாரைகள் கூட்டமாக எழுந்து ஆந்திராவுக்கே போய்விட்டன. எளாவூர் செக்போஸ்ட்டில் அவற்றை யாரும் நிறுத்திக் கேட்கவில்லை.

"ஜெசிந்தா! நான்தான் அபூபக்கர்! அந்தச் சாய்ஞ்ச தளம்! திசையெல்லாம் தப்பு!"

மறுமுனை அம்பத்தூர். அங்கே அபூபக்கரும் ஜெசிந்தாவும் வேலை செய்யும் கம்பெனியில், ஏசி அறையில், ஜெர்மனியிலிருந்து வந்த அளவு பார்க்கும் மெஷின் இருந்தது. அதன் கையில் ஒரு ஊசி. ஊசி முனையில் மிளகைவிடச் சிறிய சிவப்புக்கல் குண்டு. அது இரும்பைப் பூப்போலத் தொட்டு, அளவைச் சொல்லிவிடும்.

நேரான தளம் என்றால் மெஷினே பார்த்துக்கொள்ளும். சாய்ந்த தளத்துக்கு மட்டும் ஊசி எந்தத் திசையில் போக வேண்டும் என்று மூன்று எண்களை ஆள்தான் அடித்துத் தர வேண்டும், பிளஸ், மைனஸ் குறியோடு.

முந்தாநாள் அபூபக்கர் அடித்துக் கொடுத்துவிட்டு, லீவு போட்டு ஊருக்கு வந்துவிட்டான். தங்கை ஜொஹராவைப் பெண் பார்க்க வருகிறார்கள். பெண்ணின் அண்ணனுக்கு ஜெர்மன் மெஷினில் வேலை என்று கேள்விப்பட்டுத்தான் வருகிறார்கள்.

காலையில் இறால் வாங்க ஏரிக்கு அக்கரையில் இருக்கும் லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போனான். தினமும் விடியலில் பஸ் ஏறி அம்பத்தூர் போய்வரும் ஜெசிந்தாவின் அப்பா ஞானதாஸ் விரலை எச்சிலில் நனைத்து வடக்கே நீட்டினார். "வாடை விழுந்துட்ச்சி பாய்," என்றார்.

அபூபக்கர் அந்த விரலைப் பார்த்தான். காற்று போவது தெற்கே. விரல் நீள்வது வடக்கே.

முந்தாநாள் அடித்த மூன்று எண்களும் ஞாபகத்துக்கு வந்தன.

இந்த ஏரிக்கரையில் பிறந்தவன் எவனும் காற்று எங்கே போகிறது என்று சொல்லமாட்டான். எங்கிருந்து வருகிறது என்பதுதான் அதற்குப் பெயர். அபூபக்கரும் அந்தப் பழக்கத்திலேயே ஊசி எங்கிருந்து வருகிறது என்று அடித்துவிட்டு வந்திருக்கிறான். மெஷினோ அது எங்கே போக வேண்டும் என்று கேட்டிருந்தது.

அப்படியானால் ஊசி வெளியிலிருந்து வந்து இரும்பைத் தொடாது. இரும்பின் வயிற்றுக்குள் போய் நின்றுகொண்டு, அங்கிருந்து வெளியே வரப் பார்க்கும். ஜெர்மன் மெஷின் சொன்னதைச் செய்யும், யோசிக்காது. ஊசி உடைந்தால் புது ஊசி கப்பலேறி வரவேண்டும். அதுவரைக்கும் மெஷின் வெறும் கருங்கல் மேசை. அதன்மேல் டீ கிளாஸ் வைக்கலாம். அபூபக்கரின் வேலையையும் அதன்மேல் கிடத்தி மாலை போடலாம்.

அன்று பத்து மணிக்கு முதலாளி பம்பாய் ஆட்களைக் கூட்டிவந்து மெஷினை ஓட்டிக் காட்டுகிறார்.

இறால் கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். தோணியில் உட்கார்ந்தபோது, முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் சீக்கிரம் போகும் என்று முன்னால் சாய்ந்தே உட்கார்ந்திருந்தான்.

இப்போது தபால் ஆபீஸ் கடிகாரத்தில் பத்துக்குக் கொஞ்சம்தான் பாக்கி.

"அண்ணா, அது வந்து..." என்றாள் ஜெசிந்தா, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல.

"வந்தும் வேணாம் போயும் வேணாம்! லைன் கட்டாயிடும்! மூணு குறியையும் திருப்பு! பிளஸ்னா மைனஸ், மைனஸ்னா பிளஸ்!"

"இல்லண்ணா, நான்..."

"எதிர்த்துப் பேசாத பாப்பா! சொன்னதைச் செய்!"

 இரைச்சலுக்கு நடுவே மெஷின் விசைகளைத் தட்டும் சத்தம், டக். டக். டக்.

"சரிண்ணா," என்றாள்.

லைன் செத்தது.

அபூபக்கர் ரிசீவரை முத்தமிடாத குறையாக வைத்தான். உலகத்திலேயே இனிமையான சங்கீதம் எதுவென்று அப்போது யாராவது கேட்டிருந்தால், அந்த மூன்று டக் என்று சொல்லியிருப்பான். பெஞ்சில் உட்கார்ந்து, நெற்றி வேர்வையைத் துடைத்து, காலை முழுக்க விடாமல் வைத்திருந்த மூச்சை விட்டான்.

வாசலில் ஞானதாஸ் நின்றார். இடுப்புவரை ஈரம். தலையில் இறால் கூடை.

"இன்னா பாய், கூடையை வுட்டுட்டு ஓடியாந்துட்ட? நடு ஏரியில வர்றேன், உன் கூவல் காதைப் பொளக்குது. இந்தக் குறி சமாச்சாரத்துக்கா இம்மாம் கலாட்டா?"

"தப்பாயிடுச்சி மாமா. இப்பத்தான் திருப்பச் சொன்னேன்."

ஞானதாஸ் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அத்த எம் பொண்ணு நேத்தே திருப்பிட்ச்சே! ராத்திரி சோறு துன்றப்போ சொல்லிச்சி. 'நைனா, அபூபக்கர் அண்ணன் காத்துக்குச் சொல்றாப்ல போட்டுக்கீறாரு. நான் திருப்பி வெச்சிட்டேன். அவராண்ட சொல்லாத, மனசு நோவும்'னு."

அபூபக்கருக்குக் காது அடைத்தது. அடைத்த காதுக்குள் அந்தச் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. டக். டக். டக்.

கவுன்டருக்குப் பாய்ந்தான். உள்ளே இருந்த போஸ்ட்மாஸ்டர் தருமலிங்கம் ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். சுவர்க் கடிகாரம் பத்து அடிக்க ஆரம்பித்தது.

அபூபக்கர் மெதுவாகத் திரும்பினான்.

"மாமா, உங்க பொண்ணு... பெரியவங்க ஒண்ணு சொன்னா, தனக்குத் தோணுறதைச் செய்யுமா, இல்ல..."

ஞானதாஸ் நெஞ்சை நிமிர்த்தினார்.

"இன்னா பாய் அப்டி கேட்டுட்ட? அது என் வளர்ப்பு. பெரியவங்க சொல்லிட்டா சொன்னதுதான்."