டிராயரில் இருந்த நல்ல பெயர்

"தொடாதே! கண்ணால பாரு, போதும்" என்றார் நார்பர்ட். சாப்பாட்டு மேசையின் நடுவில், வெண்ணெய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில், தன் கிரெடிட் கார்டைத் துடைத்து வைத்திருந்தார்.

கொலெட் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். முப்பத்தொரு வருடம் மடத்தில் கன்னியாஸ்திரீயாக இருந்துவிட்டு வெளியே வந்தவள். மடத்து பாய்லரை ரிப்பேர் செய்ய வந்த நார்பர்ட்டையே கல்யாணம் செய்துகொண்டு ஏழு மாதம் ஆகிறது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் அவர்கள் சர்ச் பங்கைச் சேர்ந்தவர்களில் அதைப் பற்றிப் பேசாத வாய் கிடையாது.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. தன் பெயரில் ஒரு கார். பழையதானாலும் சிவப்பாக இருக்க வேண்டும். மடத்து வண்டியையே ஓட்டிக் காலம் தள்ளியவள், சொந்தமாக ஒரு சைக்கிள்கூட வைத்திருந்ததில்லை. அன்று காலை பேங்கில் கடன் கேட்டதற்கு, கம்ப்யூட்டரைப் பார்த்த பெண் உதட்டைப் பிதுக்கிவிட்டாள்.

"கடனே வாங்காம இருந்தது என் தப்பாம், நார்ப். வாங்கிக் கட்டினவங்களுக்குத்தான் மறுபடி குடுப்பாங்களாம். என் பேர்ல ஒரு வரிகூட இல்லையாம். நான் இன்னும் பிறக்கவே இல்லைங்கற மாதிரி பாக்கறா."

"நான் எதுக்கு இருக்கேன், சிஸ்டரம்மா? என் பேர்ல வாங்கித் தரேன்னாலும் வேண்டாங்கறே. சரி, கேட்டுக்கோ. இந்தக் கார்டுக்கு வயசு இருபத்தொன்பது. ஒரு நாள்கூடப் பாக்கி நின்னதில்ல. இதுல உன் பேரையும் சேத்துட்டா, இதோட வயசும் நல்ல பேரும் உன் கணக்குல ஏறிடும். ரெண்டே மாசம், அந்தப் பொண்ணு உனக்கு நாற்காலி போடுவா."

"நீங்க இதை உபயோகிச்சு நான் பாத்ததே இல்லையே?"

"அதானே சூட்சுமம்! எனக்கு எல்லாமே ரொக்கம். இது டிராயர்லயே தூங்கும். மூணு நாலு வருஷத்துக்கு ஒருதடவை புதுக் கார்டு பழைய விலாசத்துக்குப் போகும். மார்லீன் கிறிஸ்துமஸ் வாழ்த்தோட சேத்து அனுப்பிடுவா. விலாசத்தை மாத்தணும், எங்க நேரம் இருக்கு?"

மார்லீன் அவருடைய முதல் மனைவி. பிரிந்து பதினெட்டு வருடம் ஆகிறது. அந்தக் கல்யாணத்தைத் திருச்சபையே முறைப்படி ரத்து செய்தாயிற்று. இருவருக்கும் சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை.

"நீயே பேங்குக்குப் போன் போடு. என் பேரைச் சொல்லு, எழுந்து நிப்பாங்க" என்று சொல்லிவிட்டு நார்பர்ட் பாய்லர் பார்க்கக் கிளம்பிப் போனார்.

நாலு நாள் கழித்து ஞாபகம் வந்து கேட்டார். "சேத்தாச்சா?"

"சேத்தாச்சு" என்றாள் கொலெட். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மடத்தில் பழகிய மௌனம் போலிருக்கிறது என்று அவரும் விட்டுவிட்டார்.

அவர் சொன்னது பலித்தது. இரண்டு மாதத்தில், கடன் கொடுக்கலாமா என்று பேங்க் பார்க்கும் ஸ்கோர் கொலெட்டுக்கு எழுநூற்று அறுபது. உதட்டைப் பிதுக்கிய அதே பெண் எழுந்து வந்து கை குலுக்கினாள். சிவப்புக் காருக்குள் உட்கார்ந்து, பத்திரத்திலிருந்த தன் பெயரை மூன்று தடவை சத்தமாகப் படித்துவிட்டுக் கொலெட் சந்தோஷத்தில் அழுதாள்.

அந்த வெள்ளிக்கிழமை, பங்கு மண்டபத்தில் வழக்கமான மீன் விருந்து. நார்பர்ட் பீர் கோப்பையோடு மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தார். தம்பட்டம் அடிக்க ஆள் வைக்கவில்லை, அவரே போதும்.

"எல்லாம் நம்ம கார்டு! என் தோள்மேல ஏத்தி உக்கார வச்சேன், இல்லேன்னா பேங்க்காரன் இவளைத் திரும்பிப் பாப்பானா?"

திரும்பியவர் திகைத்துப் போனார். கடைசி மேசையில் உட்கார்ந்திருந்த மார்லீனுக்குக் கொலெட் ஒரு முழு கசகசா கேக்கைக் கொடுத்து, கன்னத்தில் முத்தமும் கொடுத்துக்கொண்டிருந்தாள். வேகமாக அங்கே போனார்.

"இவளுக்கு எதுக்கு கேக்?"

கொலெட்டின் முகம் சிவந்தது. "கேட்டப்புறம் மறைக்கக் கூடாது, சொல்லிடறேன். அன்னிக்கு பேங்க்ல சொன்னாங்க. கார்டு யாரோடதோ, அவங்கதான் புதுசா பேர் சேக்க முடியுமாம்."

"ஆமா, நான்தானே..." நார்பர்ட் பாதியில் நின்றுவிட்டார். அந்தப் பழைய விலாசமும், கிறிஸ்துமஸ் வாழ்த்துகளும் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. கோப்பையை மெல்ல மேசைமேல் வைத்தார்.

"கல்யாணமான புதுசுல உன் பேர்லயும் ஒரு வரிகூட இல்ல, நார்ப். என் கார்டுல உன் பேரைச் சேத்தேனே, மறந்துட்டியா?" என்றாள் மார்லீன்.

நார்பர்ட் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி... இவளை எதுக்குச் சேத்தே? இவ உனக்கு என்ன வேணும்?"

மார்லீன் கேக்கில் ஒரு பெரிய துண்டை வெட்டி அவரிடம் நீட்டினாள்.

"இருபத்தொன்பது வருஷமா உன்னையே சுமக்கறேன், இவ என்ன பாரமா?"