பதின்மூன்றாவது ஸ்பானர்

எஞ்சினுக்குள் எதுவும் விட்டுப்போகாமலிருக்க, விமானத்தை வெளியே அனுப்பும் முன் ஸ்பானர்களை எண்ணியாக வேண்டும் என்பது அந்த ஹாங்கரின் சட்டம். அதற்காகவே சுவர்ப் பலகையில் பன்னிரண்டு ஸ்பானர்களின் உருவம் வரைந்திருந்தது. ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, தாராவியிலிருந்து பஸ் பிடித்து வந்த மெக்கானிக் வானமாமலை பன்னிரண்டையும் மாட்டி முடித்தான். மேஜையில் இன்னொன்று கிடந்தது.

அதன் கைப்பிடியில் அவன் அரத்தால் போட்ட மூன்று வெட்டு இருந்தது. போன வருடம் இதே நாளில் எண்ணிக்கையில் குறைந்த ஸ்பானர் அதுதான். அவசரம் என்றார்கள், எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டான். அந்த விமானம் கடலில் விழுந்தது. ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. ஸ்பானரில் போன வருடப் பூஜைக்கு அவன் வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னும் காயவில்லை.

“கூடத்தானே இருக்கு, குறையலையே? கையெழுத்தைப் போடும் ஓய்,” என்றார் மாதுங்காவிலிருந்து வரும் சூப்பர்வைசர் ராமசேஷன்.

“போன வருசமும் நீங்கதான் சார் போடச் சொன்னிய. இன்னைக்குப் போடமாட்டேன். எஞ்சினத் தொறந்து பாக்காம இது நகராது.”

“வேலை போயிடும்.”

“போவட்டும்.”

ராமசேஷன் பேனாவை அடுத்த மெக்கானிக் இசக்கிமுத்துவிடம் நீட்டினார். அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். அவனுக்கு அடுத்தவனும் அப்படியே செய்தான்.

வானமாமலை ஸ்பானரை மடியில் வைத்துக்கொண்டு விமானச் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தான். மத்தியானத்துக்குள் ஸ்பானரிலிருந்து சொட்டிய தண்ணீரில் அவன் கால்சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. ஒரு சொட்டைத் தொட்டு நாக்கில் வைத்தான். உப்புக் கரித்தது. அவன் எழுந்திருக்கவில்லை.