கொப்பு

என் தையல்கடைக்கு எதிரே சாக்கடை மூடி உடைந்து ஆளையே விழுங்கும் அளவுக்குக் குழி விழுந்த அன்று, ஒரு பூவரசங்கொப்பை நான்தான் அதில் செருகிவைத்தேன். பேரூராட்சியில் மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். மேஸ்திரி மூக்கையா வந்து பார்த்துவிட்டு, "அதான் கொப்பு நிக்குதுல்லக்கா, எல்லாரும் ஒதுங்கித்தான் போறாக" என்றார்.

மழை பெய்தது. கொப்பு துளிர்த்தது. இலைகள் தழைத்துக் குழியின் வாயை மூடின. யாரோ மஞ்சள் கயிறு கட்டினார்கள். யாரோ குங்குமம் வைத்தார்கள்.

"அது சாமியில்ல, குழி!" என்று வருகிறவர்களிடமெல்லாம் கத்தினேன்.

"வெட்டுன கொப்பு சும்மா தழைக்குமாக்கா?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

இன்று காலை நிறைமாதமாக ஒரு பெண் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, கை கூப்பி, கண்ணை மூடிக்கொண்டு கொப்பைச் சுற்றத் தொடங்கினாள். "நில்லும்மா!" என்று கத்தியபடி கடையிலிருந்து இறங்கி ஓடினேன். கூட வந்த மாமியார் குறுக்கே கைநீட்டி என்னை மறித்தாள்.

"சத்தம் போடாதீக. மூணு சுத்து முடியட்டும்."

அதற்குள் அவள் இரண்டாவது சுற்றில் இருந்தாள். முதல் சுற்றைவிட அது சின்ன வட்டம்.