பித்தப்பை பொய் சொல்லாது

"மூச்சை நல்லா இழுங்க. அப்படியே அடக்குங்க."

மைக்கில் சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்த மகள், நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேவிட்டாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், எம்ஆர்ஐ இயந்திரத்தின் குழாய்க்குள் படுத்திருந்தவர் அவளைப் பெற்ற அப்பா. அன்று அவருக்கு உண்ணாவிரதத்தின் மூன்றாம் நாள்.

வெளியூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. இதே ஸ்கேன் எடுக்கிற வேலைதான். ஆனால் அவள் படத்தில் மட்டுமே பார்த்து ஏங்கிய புது இயந்திரம். அனுப்ப முடியாது என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றார். போகவில்லை என்று அவள் சொல்கிற வரைக்கும் ஒரு பருக்கை சோறு தொட மாட்டாராம்.

பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆள் பிறக்கவில்லை. இரண்டு நாள் அழுது பார்த்துவிட்டு, கடைசியில் அவள்தான் தோற்றாள். 'மன்னிக்கவும், வர இயலவில்லை' என்று எழுதிய பதில் செல்போனில் தயாராக இருந்தது. மாலை ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும். இன்னும் இருபது நிமிடம்தான்.

இதற்கு நடுவில் காலையில் அப்பாவுக்கு வயிற்றுவலி வந்துவிட்டது. டாக்டர் அல்ட்ராசவுண்டில் பார்த்தார். உள்ளே ஒரே வாயு, ஒன்றும் தெரியவில்லை. மாத்திரையே போதும் என்றார். அம்மாதான் கேட்கவில்லை. பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று இன்றைக்கே பெரிய ஸ்கேனில் பார்த்தாக வேண்டும் என்று அடம்பிடித்து, சாயங்காலம் அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

கல் எதுவும் இல்லை. மகள் எழுந்தது அதற்காக இல்லை.

வயிறு காயக் காய, பித்தநீரில் உள்ள தண்ணீர் வற்றி அது கெட்டியாகும். கெட்டியான பித்தநீர் இந்த வகைப் படத்தில் வெள்ளை வெளேரென்று தெரியும். பையும் புடைத்துக்கொண்டு நிற்கும். மூன்று நாள் பட்டினி கிடந்தவருக்கு அங்கே பௌர்ணமி காய வேண்டும்.

திரையில் இருந்ததோ அமாவாசை. அதுவும் சுருங்கிப்போன அமாவாசை. கெட்டிப் பித்தநீரெல்லாம் எதையோ செரிக்க ஓடிப்போயிருந்தது. எண்ணெயில் பொரித்த ஏதோ ஒன்று உள்ளே போய் இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறாள். இந்த மனிதர் சோற்றையே மறைத்திருக்கிறார்!

அடப்பாவி அப்பா, உங்களுக்காகவா இரண்டு நாள் கண்ணீர் விட்டேன் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மைக்கை அழுத்தினாள். "அப்பா, இங்க வர்றதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டீங்க?"

மூச்சை விடச் சொல்லி அவள் இன்னும் சொல்லவில்லை அல்லவா, அந்தச் சாக்கைப் பிடித்துக்கொண்டு மனிதர் விறைத்துப் படுத்திருந்தார். மகள் பேச்சை அவர் தட்டாமல் கேட்டது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

அவளும் அவசரப்படவில்லை.

அரை நிமிடம் தாங்கினார். பிறகு கையில் கொடுத்திருந்த அவசர மணியை அமுக்கிவிட்டார்.

"மூணு முட்டை," என்று குழாய்க்குள்ளிருந்து திணறலாகக் குரல் வந்தது. "பொரிச்சது."

அவரை இறக்கி உட்கார வைத்துவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். வீட்டு அடுப்படியில் முட்டை தானாகப் பொரிந்துவிடாது. அம்மாவை ஒரு பிடி பிடிக்க வேண்டும் என்றுதான் வந்தாள். புருஷனுக்கு ஒத்து ஊதிக்கொண்டு, பெற்ற மகளை இரண்டு நாள் அழவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவள் அல்லவா!

காத்திருக்கும் அறையில் அம்மா நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். மகளைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தாள். கல் இருக்கிறதா என்று கேட்கவில்லை.

"படத்துல தெரிஞ்சுதா?" என்றாள்.

மகள் தலையை ஆட்டினாள்.

"அவர் ஒளிஞ்சு சாப்பிடறதை நான் சொல்லக் கூடாதுன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாருடி. எப்பவோ நீதானே சொன்னே, சாப்பிட்டுட்டு வந்தா பித்தப்பை காட்டிக் குடுத்துடும்னு. அதான் கிளம்பும்போது முட்டையை எண்ணெயில மிதக்க விட்டுக் குடுத்தேன். மணியாகுது, வர்றேன்னு எழுதி அனுப்பு."