ஐந்தாம் நாள் நாக்கு

நான்காவது கோப்பையிலும் இரும்புதான்.

டீயைக் கரண்டியில் அள்ளி, சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, எச்சில் தொட்டியில் துப்பினாள். துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போல இருந்தது. முதல் மூன்று கோப்பைகளும் அப்படித்தான். காலையில் குடித்த பச்சைத் தண்ணீரே அப்படித்தான்.

மாத்திரை தொடங்கி இன்று ஐந்தாம் நாள்.

பிறப்புறுப்பில் இருக்க வேண்டிய நல்ல பாக்டீரியா குறைந்து, வேண்டாதது பெருகிவிடுகிற தொல்லை அவளுக்கு. வெள்ளை படும், மீன் வாடை அடிக்கும். இரண்டு வருடத்தில் இது நான்காவது முறை. அழுக்கால் வருவதில்லை, கழுவு கழுவென்று உள்ளே கழுவினால் இன்னும் மோசமாகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, ஏழு நாள். குமட்டும், வாயில் உலோகச் சுவை தட்டும். ஒழுங்காக முடித்தாலும் சிலருக்குத் திரும்ப வரும், வந்தால் மாதக்கணக்கில் மருந்து வைத்துப் பார்க்கலாம். பாதியில் மட்டும் விட்டுவிடக் கூடாது.

மூன்று முறையும் அவள் பாதியில்தான் விட்டாள்.

மூன்றாம் நாள் வாடை போய்விடும். அதே மூன்றாம் நாள் நாக்கும் போய்விடும். அவளோ தேயிலைக் கம்பெனியில் டீ டேஸ்டர். மூட்டை மூட்டையாக வரும் தூளைச் சுவைத்துப் பார்த்துத் தரம் சொல்வது வேலை. நாக்குதான் அவளுக்குச் சோறு போட்டது. மிச்ச மாத்திரையைக் குப்பையில் எறிந்துவிட்டு வேலைக்குக் கிளம்புவாள். சில மாதத்தில் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

டாக்டரம்மாவிடம் சொல்லியிருந்தால் வேறு வழி பார்த்திருப்பார். என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டதற்கு, ஆபீஸ் வேலை என்று சொல்லி வைத்தாள். அசடு.

இந்த முறை முடித்தே தீருவது என்று வந்திருக்கிறாள். அகப்பட்டுக்கொண்டால் பொட்டலம் கட்டும் பகுதிதான். போன வருடம் ஜலதோஷத்தை மறைத்துக்கொண்டு டேஸ்ட் பார்த்த ஒருத்தியை அங்கே தள்ளிவிட்ட மகானுபாவர், இதோ, மேசையின் முதல் கோடியில் நிற்கிறார்.

தலைமை டேஸ்டர். கம்பெனியில் அவருக்குப் பெயர் பெரிய நாக்கு. நாக்கு கெட்டுவிடும் என்று முப்பது வருடமாக மிளகாயைத் தொட்டதில்லை என வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். அவருக்குப் பக்கத்தில் கொள்முதல் மேலாளர். பெரிய நாக்கு தும்மினால் கைக்குட்டை நீட்டுகிற ஜென்மம்.

வயதில் சிறியவர் முதலில் வாய் திறக்க வேண்டும் என்பது அந்த அறையின் வழக்கம். பெரியவர் சொன்னதற்குச் சிறியவர் ஒத்து ஊதிவிடக் கூடாதாம். அதனால் எல்லாக் கோப்பைக்கும் அவள்தான் முதல். மூன்று கோப்பைகளை, நிறத்தைப் பார்த்து, ஊறிய இலையைப் பார்த்து, எதையோ அள்ளிவிட்டு ஒப்பேற்றினாள். நான்காவதில் குமட்டிக்கொண்டு வந்தது. வாய் தவறிவிட்டது.

"இரும்பு அடிக்குது சார்."

சொன்ன மறுகணம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அது நல்ல மூட்டை. மாத்திரை தொடங்குவதற்கு முன்னால், நாக்கு நாக்காக இருந்தபோது, அவளே சுவைத்து முதல் சுற்றில் தேர்ந்தெடுத்தது.

பெரிய நாக்கு உறிஞ்சினார். கண்ணை மூடினார். துப்பினார்.

"அடிநாக்குல நிக்குதும்மா. நான் மோந்து பாத்தப்பவே நெனச்சேன்."

மேலாளரும் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, தொண்டை வரைக்கும் இரும்பு என்று தலையை ஆட்டினார்.

இரும்பு அவள் வாயில் அல்லவா இருந்தது. கோப்பையில் ஏது?

சோதனைக்காக ஏதாவது ஒரு மூட்டையின் தூளை வரிசையில் இரண்டு இடத்தில் வைப்பார்கள். எது எங்கே என்பது அடுக்கியவருக்கு மட்டும் தெரியும். அடுக்குகிறவர் லீவு, இன்று அடுக்கியது அவள். ஏழாவது கோப்பையும் அதே மூட்டைதான்.

உறிஞ்சினாள். இரும்பு. துப்பிவிட்டு, சுத்தமாக இருக்கிறது, கடைசியில் லேசாகத் தேன் மாதிரி இனிக்கிறது என்று வேண்டுமென்றே சொன்னாள்.

பெரிய நாக்கு சப்புக்கொட்டினார். தேனேதான் என்றார். நான்காவதைத் தள்ளிவிட்டு ஏழாவதை வாங்கச் சொன்னார். மேலாளர் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அருவருப்பாக இருந்தது. இந்த நாக்குகளுக்கு ஈடுகொடுக்கவா மூன்று தடவை மருந்தை எறிந்தோம் என்று தன்மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது.

இரண்டு வருடமாக அவள் நிற்கும் இடம் மேசையின் கடைசி, திறந்த ஜன்னலை ஒட்டி. புழுக்கம் என்று சொல்லிவைத்திருந்தாள். வாடை அடித்த நாளிலெல்லாம் காலை இடுக்கிக்கொண்டு, யாராவது ஒரு அடி கிட்டே வந்தால் இரண்டு அடி தள்ளிப்போய், உடம்பெல்லாம் கூசி நின்றிருக்கிறாள். எத்தனை பெரிய மூக்குகள், ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் கண்டுபிடித்துவிடும் என்று வீட்டுக்குப் போய் அழுதிருக்கிறாள்.

இந்த மூக்குகளுக்குப் பயந்து.

கரண்டியை எடுத்துக்கொண்டு நேரே மேசையின் முதல் கோடிக்குப் போனாள். பெரிய நாக்கின் தோளை இடிக்கிற மாதிரி நின்றாள். அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். எட்டாவது கோப்பையை அவர் பக்கம் தள்ளினாள்.

"இத மொதல்ல நீங்க சொல்லுங்க சார்."

அவர் உறிஞ்சினார். துப்பினார். அவள் முகத்தைப் பார்த்தார். மேலாளர் அவர் முகத்தைப் பார்த்தார்.