சுண்ணாம்புக் கோடு

தகரக் கொட்டகையில் நடந்துவந்த தொடக்கப் பள்ளிக்குக் கட்டடம் வரப்போகிறது. இன்ஜினியர் தணிகாசலம் காலி மனையில் ஐந்து அறைகளுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டார். மறுநாளே ஜெசிந்தா டீச்சர் ஐந்தாம் வகுப்பை அதன் அறைக்குள் உட்காரவைத்துப் பாடம் தொடங்கிவிட்டார். மதியம் இன்ஜினியர் திரும்பி வந்தார்.

“நாலு ரூமுக்குத்தான் அனுமதி கெடச்சிருக்கு, டீச்சர். இதை அழிக்கணும்” என்று கோட்டைத் தாண்டிக் காலை வைத்தார்.

பிள்ளைகள் கத்தினார்கள். “ஐயோ, சார் செவுத்துக்குள்ள பூந்து வர்றாரு!”

இன்ஜினியர் காலை இழுத்துக்கொண்டார். சுற்றிப் போய், வாசலுக்காகக் கோடு போடாமல் விட்டிருந்த இடத்தில் செருப்பைக் கழற்றினார்.

“உள்ள வரலாமா, டீச்சர்?”

“கிளாஸ் நடக்குது சார். மணி அடிக்கட்டும்.”

வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரு சிறுமி இரக்கப்பட்டு, “செவுத்து நெழல்ல நில்லுங்க சார்” என்றாள்.

இன்ஜினியர் ஓரடி நகர்ந்து நின்றார்.