நாற்பதாம் நாள் சோறு

"கெட்டுப்போன பாலைச் சோத்துல ஊத்திப் பிசைஞ்சு, அதைப் போய் என்னைத் தின்னச் சொல்றியே..." பேய் மூக்கைப் பொத்திக்கொண்டது.

"தயிருய்யா அது. ரத்தம் குடிக்கிறவன் நாத்தத்தைப் பத்திப் பேசாத," என்றாள் அஞ்சலை.

"ரத்தம் சுடச்சுட இருக்கும் புள்ள. இது சில்லுனு, சளி மாதிரி..."

நாற்பது நாள் சோறு தின்றால் பேய் மனுஷனாகி அவளைக் கட்டிக்கொள்ளலாம். முப்பத்தொன்பது நாளும் அவளுக்காகத் தின்று, கொல்லையில் போய்க் கக்கிவிட்டு, மறுபடியும் வந்து தின்றது. இன்றைக்கு மிச்சம் ஒரே ஒரு உருண்டை. பேய் கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தது. கடைவாயில் வாந்தி காய்ந்திருந்தது. உருண்டையோடு நீட்டிய தன் கையிலிருந்து வந்த தயிர் வாடை முதன்முறையாக அஞ்சலைக்கே குமட்டியது. உருண்டையைச் சட்டியிலேயே போட்டுவிட்டாள்.

"ஏய்யா, நான் நாப்பது நாள் ரத்தம் குடிச்சா உன்னை மாதிரி ஆயிடுவேனா?"